22 மாடிக் கட்டடம், மைனஸ் 20 குளிர்: சூடு எந்த வழியாக வெளியேறுகிறது?

பனிமலர்

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவின் ஸ்காபரோவில் 1974ல் கட்டிய 22 மாடிக் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) எங்களுடையது. நான் அதன் நிர்வாகக் குழுவான போர்டில் இருக்கிறேன். கேஸ் பாய்லர்தான் கட்டடம் முழுவதையும் சூடேற்றுகிறது. செலவு மெயின்டனன்ஸ் ஃபீயோடு சேர்ந்து வருகிறது. அது ஏறிக்கொண்டே போவதால், கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. கூரைக்குப் புதிய இன்சுலேஷன், வெளிச்சுவருக்கு மேல் இன்சுலேஷன் போர்த்துவது, எல்லா ஜன்னல்களையும் பால்கனிக் கதவுகளையும் மாற்றுவது. ரிசர்வ் ஃபண்டில் இருக்கும் பணத்துக்கு இப்போது ஒன்றைத்தான் தொட முடியும்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மேல் மாடிக்காரர்கள் கூரை என்கிறார்கள். வடமேற்கு மூலை வீட்டுக்காரர்கள் காற்றுதான் காரணம் என்கிறார்கள். கீழ் மாடியில் இருப்பவர்கள், குளிர் நாட்களில் முன்கதவைத் திறக்கவே பலம் வேண்டியிருக்கிறது, லாபியில் நிற்க முடியவில்லை என்கிறார்கள். இதற்கிடையே ஒரு நிறுவனம், வின்னிபெக்கில் தாங்கள் செய்த வேலையால் மிச்சமான செலவின் கணக்கைக் காட்டி, இங்கேயும் அவ்வளவு கிடைக்கும் என்கிறது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் சீதோஷ்ணத்துக்கு எது முதலில்?

முகப்புவேலை

வெளிமுகப்புப் பொறியியல்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வின்னிபெக் விஷயம். அதை அப்படியே எடுக்கக் கூடாது. குளிர்காலம் முழுவதற்குமான வெப்ப இழப்பைக் கணக்கிட டிகிரி நாள் என்று ஓர் அளவு உண்டு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே இருந்தது என்று பார்த்து, வருடம் முழுவதும் கூட்டிக்கொண்டே போவது. கனடாவின் கட்டட விதிகளில் டொராண்டோவுக்கு ஏறக்குறைய 3,500, வின்னிபெக்குக்கு 5,700, வான்கூவருக்கு 2,800 என்று இருக்கிறது. அதாவது ஒரே கட்டடத்தைத் தூக்கி வின்னிபெக்கில் வைத்தால் சுவரும் கண்ணாடியும் 60 சதவீதம் கூடுதலாக இழக்கும். அங்கே மிச்சமாகும் தொகையும் அதே அளவு கூடுதலாகத்தான் தெரியும்.

இனி உங்கள் கட்டடம். சரியான அளவு தெரியாததால் பக்கத்துக்கு 30 மீட்டர், உயரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு பக்கச் சுவர் 7,200 சதுர மீட்டர், கூரை 900. வானத்தையும் காற்றையும் பார்க்கும் மொத்தப் பரப்பில் கூரை 11 சதவீதம்தான். தனி வீட்டில் கதை வேறு. பத்துக்குப் பத்து மீட்டரில் 6 மீட்டர் உயரமுள்ள வீட்டில் கூரை ஏறக்குறைய 30 சதவீதம். "கூரையை முதலில் பார்" என்ற அறிவுரை தனி வீடுகளிலிருந்து வந்தது. அங்கே அது சரி.

ஒரு மாடிக்கான கணக்கு. சுற்றளவு 120 மீட்டர், மாடி உயரம் 2.75, ஆகவே வெளிப்பரப்பு 330 சதுர மீட்டர். இதில் 40 சதவீதம் கண்ணாடி என்றால் 132 சதுர மீட்டர். அந்தக் கால அலுமினிய பிரேம் ஸ்லைடிங் ஜன்னலின் யூ மதிப்பு ஏறக்குறைய 3.5. இந்த எண், ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதைச் சொல்கிறது. 132 பெருக்கல் 3.5 என்றால் டிகிரிக்கு 462 வாட். மீதி 198 சதுர மீட்டர் செங்கல் சுவர், யூ மதிப்பு 1 என்றால் 198 வாட். அப்புறம் யாரும் பேசாத ஒன்று: கான்கிரீட் ஸ்லாப் உள்ளேயிருந்து இடைவெளியில்லாமல் பால்கனியாக வெளியே நீள்கிறதே, அந்த விளிம்பு. மீட்டருக்கு 0.9 வாட் வைத்தால், சுற்றிலும் பால்கனி உள்ள கட்டடத்தில் இன்னொரு 108 வாட்.

கூட்டினால் ஒரு மாடிக்கு 768. வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 41 டிகிரி. ஒரு மாடியின் வெளிப்புறம் மட்டும் 31 கிலோவாட்டுக்கு மேல் இழந்துகொண்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கண்ணாடி.

ஜன்னலை 1.6 யூ மதிப்புள்ளதாக மாற்றினால் மாடிக்கு 251 வாட் குறையும், கட்டடம் முழுவதுக்கும் டிகிரிக்கு 5,500 வாட். கூரையை 0.5லிருந்து 0.2க்குக் கொண்டுவந்தால் குறைவது டிகிரிக்கு 270 வாட். இருபதில் ஒரு பங்கு. என் பதில் ஜன்னல்.

நல்லூரான்

முகப்புவேலை தம்பி சொன்ன கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அதில் காற்று இல்லை. நான் கனகாலமாக உயர்ந்த கட்டடங்களில் சூப்பரின்டெண்ட் வேலை பார்க்கிறவன். சரியான குளிர் நாளில் லிப்ட் கதவு விசிலடிக்கும். முன்கதவைத் திறந்தால் காகிதமெல்லாம் உள்ளே பறக்கும். மேல் மாடியில் ஜன்னலைத் திறந்தால் திரைச்சீலை வெளிப்பக்கம் இழுபடும். சூடு சுவருக்குள்ளால் மட்டும் போகவில்லை தங்கச்சி, வெடிப்புகளுக்குள்ளால் காற்றோடு போகிறது. முன்கதவுக்காரர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம்.

முகப்புவேலை

நல்லூரான் அண்ணா சொல்வது முக்கியமான விஷயம், அதைத் தனியாகவே எழுத நினைத்தேன்.

உள்ளே சூடான காற்று இலேசு, வெளியே குளிர்ந்த காற்று கனம். கட்டடம் உயர உயர அந்த எடை வித்தியாசம் அழுத்தமாகச் சேர்கிறது. கீழ் மாடிகளில் வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும், லிப்ட் குழி, மாடிப்படி வழியாக ஏறும், மேல் மாடிகளில் வெளியேறும். இதைத்தான் ஸ்டாக் எஃபெக்ட் என்கிறோம். வெளியே மைனஸ் 20 என்றால் உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1.9 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). 60 மீட்டருக்கு 114 பாஸ்கல். நடு உயரத்தில் பூஜ்யம் என்று கொண்டால் அடியிலும் உச்சியிலும் தலா 57. உண்மையில் மாடித் தளங்களும் வீட்டுக் கதவுகளும் இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், முழுவதும் வெளிச்சுவரில் விழாது. ஆனாலும் முன்கதவு இறுகுவதற்கு இது போதும். இதே கட்டடத்தில் வெளியே 5 டிகிரி இருக்கும் நாளில் அந்த 57, 20 பாஸ்கலாகக் குறைந்துவிடும். குளிர் கூடும்போது கசியும் காற்றின் அளவும் கூடுகிறது, அந்தக் காற்றைச் சூடேற்ற வேண்டிய டிகிரிகளும் கூடுகின்றன. அதனால்தான் கடுங்குளிர் நாட்களில் பாய்லர் திடீரென்று திணறுகிறது.

சுழல் கதவு இந்தத் தொல்லைக்காகப் பிறந்ததுதான். பிலடெல்பியாவில் தியோஃபிலஸ் வான் கேனல் 1888ல் காப்புரிமை வாங்கியபோது, காற்றும் பனியும் தூசியும் உள்ளே வராமல் தடுப்பதைத்தான் அதன் பயனாகச் சொன்னார்.

கசிவின் அளவைப் பார்க்க ஒரு கணக்கு: 200 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்குப் பாதிக் காற்று மாறினால் 100 கன மீட்டர். வெளியே மைனஸ் 20 என்றால் அதைச் சூடேற்ற மட்டும் 1.35 கிலோவாட். ஒரு சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் ஓயாமல் ஓடுவது மாதிரி.

பனிமலர்

அப்படியென்றால் வடமேற்கு மூலை வீடுகள்? அங்கே காற்று சுவரில் மோதிச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று ஓர் ஐயா கூட்டத்தில் விளக்கினார். அது உண்மையா?

முகப்புவேலை

பாதி உண்மை. காற்று வெளிப்பரப்பை உரசும்போது அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் குறைகிறது. ஒற்றைக் கண்ணாடிக்கு உள்முகத்திலும் வெளிமுகத்திலும் ஒட்டியிருக்கும் அப்படிப்பட்ட படலங்கள்தான் பாதுகாப்பில் பெரும் பங்கு. ஆகவே பலத்த காற்றில் ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு 5.7லிருந்து 6.4 வரை போகலாம், 12 சதவீதம். ஆனால் நன்றாக இன்சுலேஷன் செய்த 0.3 யூ மதிப்புச் சுவரில் அதே காற்று ஒரு சதவீதம்கூட மாற்றாது. உங்கள் செங்கல் சுவர் இரண்டுக்கும் நடுவில்.

மூலை வீட்டுக்குக் குளிர்வது வேறு இரண்டு காரணங்களால். ஒன்று, அதற்கு இரண்டு பக்கம் வெளிச்சுவர். நடு வீட்டுக்கு ஒன்றுதான். இரண்டாவது, காற்றின் அழுத்தம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஏறக்குறைய 60 பாஸ்கல் அழுத்தம் தரும். 15 மீட்டர் என்றால் 135. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. டொராண்டோவில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும், உயரம் கூடக் கூட வேகமும் கூடும். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் விளிம்புகளில் குளிர்காற்று நுழைந்து, எதிர்ப்பக்க வீடுகளில் சூடான காற்று வெளியேறும். ஒரே மாடியில் ஒரு வீடு நடுங்கும், இன்னொரு வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள்.

வான்கூவர்வாசி

வெப்பநிலையும் காற்றும் மட்டுமே பேசப்படுகின்றன. எங்கள் பக்கத்தில் எமன் மழைதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரத்தில் 1980களிலும் 90களிலும் கட்டிய எத்தனையோ கொண்டோக்களின் சுவர் உள்ளுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. வெளிப்பூச்சை நேராகச் சுவரில் அப்பி, தண்ணீர் உள்ளே போகாது என்று நம்பினார்கள். போனது. போன தண்ணீர் காய வழியில்லை. மர வேலிகளெல்லாம் இங்கே நன்றாகக் காயும், ஏனென்றால் அவற்றுக்கு இருபுறமும் காற்று. சுவருக்கு அது இல்லை. 1998ல் முன்னாள் முதல்வர் டேவ் பேரட் தலைமையில் விசாரணை ஆணையமே போட வேண்டியதாயிற்று. இன்று இங்கே வெளிப்பூச்சுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் வடியவும் காற்று ஓடவும் ஓர் இடைவெளி விட்டுத்தான் கட்டுகிறார்கள்.

அது வெறும் அழுகல் பிரச்சினை இல்லை. இன்சுலேஷன் வேலை செய்வதே அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றால். தண்ணீர் அந்தக் காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நனைந்த இன்சுலேஷனுக்குப் பெயர் மட்டும்தான் இன்சுலேஷன். எங்களுக்கு டிகிரி நாள் டொராண்டோவைவிடக் குறைவு, ஆனால் சுவர் வடிவமைப்பு இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. வெளிச்சுவர் போர்த்தும் வேலைக்குப் போனால் தண்ணீர் எங்கே வடியும் என்ற வரைபடத்தை முதலில் கேளுங்கள்.

அடையாறுக்காரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். ஓ.எம்.ஆர். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் வெளியே 36, உள்ளே 24 என்றால் வித்தியாசம் 12தான். உங்கள் 41 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஏசி பில் எகிறுகிறது. கண்ணாடியின் யூ மதிப்பு எங்களுக்கு அவ்வளவு முக்கியம் இல்லையா?

முகப்புவேலை

உங்கள் ஊரில் வெயில்தான் முதல் எதிரி. கண்ணாடி வழியாக நேராக நுழையும் சூரிய வெப்பம் எவ்வளவு என்ற எண்ணைப் பாருங்கள், அப்புறம் வெளிப்பக்க நிழல். யூ மதிப்பு இரண்டாவது. இரட்டைக் கண்ணாடியில், வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் லோ ஈ பூச்சு எந்தப் பக்கம் என்பதுகூட மாறும். வெயில் ஊரில் வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில், சூட்டை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டிய ஊரில் உள்கண்ணாடியின் வெளிமுகத்தில். ஈரம் தடுக்கும் படலமும் அப்படியே: இங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது, படலம் உள்பக்கம். சென்னையில் ஏசி அறைக்குள் ஈரம் வெளியிலிருந்து வரப் பார்க்கிறது. கனடாவின் சுவர் வரைபடத்தை எடுத்துச் சென்னையில் கட்டினால் சுவருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

பனிமலருக்கும் வெயில் கொஞ்சம் தொடர்புள்ளதுதான். வின்னிபெக்கில் குளிர் கடுமை, ஆனால் குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், தெற்குக் கண்ணாடி பகலில் நல்ல சூட்டைத் திருப்பித் தரும். ஏரிக்கரையில் இருக்கும் டொராண்டோவில் நவம்பர், டிசம்பரில் மேகமே மேகம். இரவில் இது எதிர்மாறாக வேலை செய்யும்: தெளிந்த வானம் கூரையின் சூட்டைக் கதிர்வீச்சாக இழுத்துக்கொள்ளும், கூரை வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மேகம் போர்த்திய இரவில் அந்த இழப்பு குறைவு. டிகிரி நாள் கணக்கு இதையெல்லாம் பார்ப்பதில்லை. வின்னிபெக் மிச்சக் கணக்கை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம்.

நல்லூரான்

எனக்கு இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது. ஜன்னல் மாற்றினால் எல்லாம் சரி என்று சனத்திடம் சொல்லிவிடாதீர்கள். புது ஜன்னல் போட்டு, சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் அடித்து மூடிவிட்டுப் போன கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பூஞ்சணம் பிடித்தது. நாங்கள் சோறு வடிக்கிறோம், இடியப்பம் அவிக்கிறோம், அந்த ஆவி முந்தி வெடிப்புகளால் போனது. இப்ப எங்கே போகும்? பால்கனி ஸ்லாப் சேரும் மூலையில் கறுப்பாகப் படியும்.

முகப்புவேலை

சரியான இடத்தைத் தொட்டீர்கள், அண்ணா. அந்த மூலை கறுக்கக் காரணம் ஸ்லாப்தான். கான்கிரீட், இன்சுலேஷனைவிட ஏறக்குறைய 50 மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. பால்கனி வெளியே குளிரில் நிற்கிறது, அதே கான்கிரீட் உள்ளே உங்கள் தரையாக இருக்கிறது. சுவரோடு சேரும் மூலையில் அந்தக் குளிர் வந்து உட்காருகிறது.

பனிமலர், இந்த எண்களை உங்கள் கூட்டத்தில் காட்டுங்கள். வெளியே மைனஸ் 20 என்றால் உங்கள் பழைய ஜன்னலின் உள்முகம் சராசரியாக 2 டிகிரியில் இருக்கும், பிரேம் அதற்கும் கீழே. 1.6 யூ மதிப்பு ஜன்னலில் அது 12 டிகிரிக்கு மேல். 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால் 7 டிகிரியில் தண்ணீர் கோக்கும். ஆகவே பழைய ஜன்னலில் தண்ணீர் வடிகிறது, புதியதில் வடியாது. ஆனால் கசிவை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்தை விட்டுவிட்டால், ஈரப்பதம் 60க்குப் போய், ஸ்லாப் மூலையில் கோத்துக்கொள்ளும்.

உங்கள் காலத்துக் கட்டடங்களில் புதுக்காற்று தாழ்வாரத்திலிருந்து வீட்டுக் கதவின் அடி இடைவெளி வழியாக வருவதாகத்தான் வடிவமைப்பு. பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை வருகிறதென்று பலர் அதில் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். அப்போது புதுக்காற்று வர ஜன்னல் விளிம்புக் கசிவுதான் மிச்சம். அதையும் அடைத்தால் எதுவும் இல்லை. ஜன்னல் வேலையோடு வீட்டுக்கு வீடு எச்.ஆர்.வி. போட முடியுமா என்று விலை கேளுங்கள். வெளியேறும் காற்றின் சூட்டை எடுத்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி அது.

பனிமலர்

அப்படியானால் வெளிச்சுவர் போர்த்துவது தேவையே இல்லையா? அதுதான் விலை அதிகம், ஆனால் ஸ்லாப் விளிம்பையும் மூடிவிடலாம் என்கிறார்கள்.

முகப்புவேலை

தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். பணம் இருந்தால் ஜன்னலும் போர்வையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் நல்ல வேலை, ஏனென்றால் ஜன்னல் சுவரோடு சேரும் விளிம்பு அப்போதுதான் சரியாக அமையும். பக்கத்தில் ஹாமில்டனில் கென் சோபிள் டவர் இருக்கிறது. 1967ல் கட்டியது, 18 மாடி, முதியோருக்கான 146 வீடுகள். அதை முழுவதும் புதுப்பித்து 2021ல் எனர்ஃபிட் என்ற, பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கான ஆற்றல் சிக்கனத் தரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் கட்டடத்தின் அக்கா மாதிரி. போர்டிலிருந்து நாலு பேர் போய்ப் பார்க்கலாம். அந்த எனர்ஃபிட் தரமே சூடேற்றும் ஆற்றலின் உச்சவரம்பைச் சீதோஷ்ண மண்டலத்துக்குத் தகுந்தபடிதான் வைக்கிறது, உலகத்துக்கெல்லாம் ஒரே எண் கிடையாது.

பால்கனியின் மேலும் கீழும் போர்த்தாமல் சுவரை மட்டும் போர்த்தினால், ஸ்லாப் வழியாகச் சூடு போய்க்கொண்டேதான் இருக்கும். என் கணக்கில் சுவர் இழப்பு 198லிருந்து 55 ஆகும், ஸ்லாப் 108 அப்படியே நிற்கும். சுவர் முழுவதும் இழப்பதைப் போல இரண்டு மடங்கை அந்த மெல்லிய விளிம்பு இழக்கும். விலைப்பட்டியலில் "சுவரின் யூ மதிப்பு 0.28" என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள், ஸ்லாப்பும் ஜன்னல் விளிம்பும் சேர்த்த மதிப்பைக் கேளுங்கள்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லண்டனில் கிரென்ஃபெல் டவரை 2017 ஜூன் 14 அன்று எரித்ததில் அப்படி ஒரு வெளிப்போர்வைக்குப் பெரும் பங்கு. 24 மாடி, 72 பேர் இறந்தார்கள். பாலிஎத்திலீன் நடுவில் வைத்த அலுமினியத் தகடும், எரியக்கூடிய ஃபோம் இன்சுலேஷனும். குளிரைத் தடுக்க வந்த போர்வை நெருப்பை மாடி மாடியாக ஏற்றியது. உங்கள் கட்டடத்துக்கு எரியாத மினரல் வூல் (கனிம நார்) இன்சுலேஷன் மட்டும்தான் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். கொஞ்சம் தடிமன் கூடும், விலையும் கூடும். மனிதர்கள் உள்ளே தூங்குகிறார்கள்.

வான்கூவர்வாசி

ஜன்னல் விலைக்குப் பயந்தால் ஒரு தகவல். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 ஜன்னல்களின் கண்ணாடியைக் குப்பையில் போடாமல், கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டு, நடுவில் ஒரு படலமும் வாயுவும் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் பிரதிபலிக்கும் தடுப்பும் வைத்தார்கள், அந்தச் சூடு நேராக வெளிச்சுவருக்குப் போகாமல் இருக்க. பிரேம் நன்றாக இருந்தால் யோசிக்கலாம்.

முகப்புவேலை

1974 அலுமினிய பிரேமில் வெப்பத்தை வெட்டும் இடைத்துண்டு இருக்காது, அதனால் இவர்களுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. ரேடியேட்டர் தடுப்பு மட்டும் நல்ல யோசனை, மலிவும்கூட.

பனிமலர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அடுத்த கூட்டம் பிப்ரவரியில். அதற்கு முன் நாங்கள் செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா? எண்களைவிடப் படம் காட்டினால்தான் சிலர் நம்புவார்கள்.

நல்லூரான்

ஒரு குளிரான நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல் விளிம்பு, மின் சுவிட்ச் பெட்டி, குப்பை போடும் குழாயின் கதவு, லிப்ட் கதவு எல்லாவற்றுக்கும் கிட்டப் பிடியுங்கள், தங்கச்சி. 2ஆம் மாடி, 11ஆம் மாடி, 21ஆம் மாடி என்று மூன்று இடத்தில். ஜன்னல் விளிம்பில், கீழே புகை உள்பக்கம் வளையும், மேலே வெளிப்பக்கம் இழுபடும், நடுவில் பெரிசாக அசையாது. போனிலேயே வீடியோ எடுக்கலாம். காற்றில்லாத நாளாகப் பாருங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடும். மாடிப்படிக் கதவுகளின் அடி ரப்பரும் தேய்ந்திருக்கும், அதை இந்தக் கிழமையே மாற்றலாம், போர்டு அனுமதிகூடத் தேவையில்லை.

முகப்புவேலை

அதோடு வெளியிலிருந்து தெர்மல் கேமராப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சூரியன் உதிப்பதற்கு முன், வெளியே மைனஸ் 5க்குக் கீழே, காற்று அதிகமில்லாமல், முந்தைய நாள் மழையோ ஈரப்பனியோ விழாமல் இருக்க வேண்டும். பகலில் எடுத்தால் வெயில் பட்ட செங்கல்லும் கசியும் செங்கல்லும் ஒரே நிறத்தில் தெரியும். கண்ணாடி வானத்தைப் பிரதிபலிப்பதால் உள்ளதைவிடக் குளிராகக் காட்டும், ஆகவே கண்ணாடியின் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பால்கனி ஸ்லாப் விளிம்பையும் ஜன்னல் பிரேமின் சுற்றோரத்தையும் பாருங்கள். மேல் மாடிகளில் ஜன்னல் ஓரங்களிலிருந்து மேல்நோக்கி இறகு மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தால், அங்கே காற்று வெளியேறுகிறது. அந்தப் படத்தையும் நல்லூரான் அண்ணாவின் ஊதுபத்தி வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டெண்டர் ஆவணம் தயாரானதும் ஸ்லாப், ஜன்னல் விளிம்பு பற்றிய பக்கங்களை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.